நடுத்துளையும் ஹப் ரிங்கும்

வெளியில் வாங்கிய அலோய் வீல் பூட்டிய கார், மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் வரை போய்வரும்போது ஒரு குறையும் காட்டாது. சத்துருக்கொண்டான், தன்னாமுனை, ஏறாவூர் என்று ஏ15 வீதியில் ஊர்கள் நெருங்கி வருகின்றன. வேக முள் ஐம்பதைச் சுற்றியே நிற்கும். ஓட்டமாவடி கழிந்து வெலிக்கந்தைப் பக்கம் வீதி நீண்டு, முள் எழுபதைத் தொட்டதும்தான் ஸ்ரியரிங் உள்ளங்கையில் சிணுங்கத் தொடங்கும். எண்பதில் கண்ணாடியில் தெரியும் பின்வண்டி மங்கலாகும். ஊருக்குத் திரும்பி ரயர் கடையில் காட்டினால் நான்கு வீலையும் கழற்றி பலன்ஸ் மெஷினில் ஏற்றுவார்கள். நான்கும் பூச்சியம் காட்டும். “மெஷின்ல ஒண்டும் இல்ல அண்ணன், ரோட்டுதான் பழுது” என்று சொல்லி அனுப்புவார்கள். அடுத்த கொழும்புப் பயணத்தில் அதே நடுக்கம்.

மெஷின் பொய் சொல்லவில்லை. அது வீலைப் பிடிப்பது நடுத்துளைக்குள் ஒரு கூம்பைச் செருகித்தான். நடுத்துளையை மையமாக வைத்துச் சுற்றினால் பாரம் சமமா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். காரில் அதே வீல் எதை மையமாக வைத்துச் சுற்றுகிறது என்பதை அது அறியாது. இரண்டு மையமும் ஒன்றாக இருந்தால் சிக்கல் இல்லை. அரை மில்லிமீட்டர் விலகினாலும் மெஷினில் செய்த வேலை வீண்.

கார்க் கம்பனி தரும் அசல் வீலில் இந்த விலகலுக்கு இடமில்லை. வீலைக் கழற்றிப் பாருங்கள். நான்கு ஸ்டட்டுகளுக்கு நடுவே ஹப்பிலிருந்து ஒரு வட்ட விளிம்பு சற்றே நீட்டிக்கொண்டிருக்கும். டொயோட்டா விட்ஸிலும் அக்குவாவிலும் அதன் விட்டம் 54.1 மி.மீ. அசல் வீலின் நடுத்துளையும் அதே 54.1. வீல் அந்த விளிம்பில் ஏறி உட்காரும்போதே மையம் தீர்மானமாகிவிடும். வெளிச்சந்தைக்கு வீல் வார்ப்பவர் ஒவ்வொரு காருக்கும் தனித்தனித் துளை போட்டால் கட்டுப்படியாகாது. அதனால் பெரிதாக, பெரும்பாலும் 73.1 மி.மீ. அளவில் ஒரே துளை போட்டு எல்லாருக்கும் விற்கிறார். அந்த வீலை விட்ஸில் வைத்தால் ஹப் விளிம்பைச் சுற்றி 9.5 மி.மீ. வெற்றிடம் இருக்கும். வெளிவட்டம் 73.1, உள்வட்டம் 54.1 உள்ள ஒரு வளையம் அந்த இடத்தை நிரப்புகிறது. கடையில் ஹப் ரிங் என்று கேட்டால் தருவார்கள்.

புதிதாகப் பெட்டியோடு வாங்கும் வீலில் இந்த வளையம் பெரும்பாலும் கூடவே வரும். நம் பக்கத்தில் கைமாறும் வீல்களில் வருவது அபூர்வம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. இடைப்பட்ட காலத்தில் வைத்திருந்த காரையே துடைத்து மெருகேற்றி ஓட்டினார்கள், வீல்களும் ஒரு காரிலிருந்து இன்னொன்றுக்கு மாறின. கழற்றியவர் வளையத்தை ஹப்பிலேயே விட்டிருப்பார், அல்லது பழைய பிளாஸ்டிக் என்று எறிந்திருப்பார். ஆகவே பழைய வீல் வாங்கும்போது துளையைத் தடவிப் பார்க்காமல் காசு எண்ண வேண்டாம்.

பாரத்தைத் தாங்குவது எது

வளையத்தைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. அது இல்லாவிட்டால் காரின் முழுப் பாரமும் ஸ்டட்டில் விழுந்து ஸ்டட் முறிந்துவிடும் என்பது ஒன்று. அது சும்மா பிளாஸ்டிக், நட் இறுகினால் எல்லாம் சரி என்பது மற்றது. முதல் கட்சி பயமுறுத்துகிறது, இரண்டாவது கட்சி சோம்பலுக்குச் சாட்டுத் தேடுகிறது.

கணக்கைப் பாருங்கள். 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டை 103 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் அது வீலை ஹப்பின் முகத்தோடு ஏறத்தாழ 4 தொன் விசையில் அழுத்துகிறது. நான்கு நட்டுக்கும் சேர்த்து 17 தொன் அளவில் வரும். இரும்பும் அலுமினியமும் உராயும் பிடியைக் குறைத்துக் கணக்கிட்டாலும் வீல் வழுக்காமல் தாங்கும் விசை இரண்டு தொன்னுக்கு மேல். ஒரு விட்ஸின் ஒரு வீலில் நிற்கும் பாரமோ கால் தொன் சுற்றுவட்டத்தில்தான். பாரத்தைச் சுமப்பது அந்த உராய்வுப் பிடி. வளையம் எதையும் சுமப்பதில்லை. அதனால்தான் கைவிரலால் வளைக்கக்கூடிய பிளாஸ்டிக்கிலும் அதைச் செய்ய முடிகிறது.

வளையத்தின் வேலை நட் இறுகும் அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. நட் இறுகும்போது வீல் எங்கே நிற்கிறதோ, அங்கேயேதான் அடுத்த கழற்றல் வரை நிற்கும். கூம்பு வடிவ நட் தானாகவே வீலை நடுவுக்கு இழுக்கும் என்பது உண்மைதான். வீல் காற்றில் தொங்கும்போது எல்லா நட்டையும் கையால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் இழுக்கும். ஆனால் கடையில் நடப்பது வேறு. எயார் கன்னை எடுத்து முதல் நட்டை ஒரே பிடியில் அறைந்துவிடுகிறார்கள். தன் பாரத்தால் கீழே தொங்கிய வீல் தொங்கிய இடத்திலேயே 4 தொன் விசையில் ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் மற்ற மூன்று நட்டின் கூம்பும் சேர்ந்து இழுத்தாலும் அது அசையாது. வளையம் போட்டிருந்தால் வீலால் தொங்கவே முடியாது, கன் பிடித்தவரின் அவசரமும் பாதிப்பைக் கொடுக்காது.

அரை மில்லிமீட்டர் என்ன பெரிய விலகலா என்று கேட்கலாம். ரயரோடு சேர்ந்து 15 கிலோ நிறையுள்ள வீல் அரை மில்லிமீட்டர் தள்ளிச் சுற்றுவது, 15 அங்குல ரிம்மின் ஓரத்தில் ஏறக்குறைய 40 கிராம் ஈயத்தைத் தவறான இடத்தில் ஒட்டியதற்குச் சமம். பலன்ஸ் செய்யும்போது 5 கிராமுக்காக மெஷினை மறுபடி சுற்றுகிறோம், இங்கே எட்டு மடங்கு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அந்த வீல் செக்கனுக்கு 12 தடவை வரை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் 4 கிலோ விசை அச்சை ஒரு தடவை உதைக்கும். 40 கி.மீ. வேகத்தில் இந்த உதை நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால்தான் தன்னாமுனைச் சந்தியில் தெரியாத நோய் வெலிக்கந்தையில் தெரிகிறது. இலங்கைச் சட்டப்படி நகருக்கு வெளியே காருக்கு எல்லை 70, அதிவேகப் பாதையில் 100. எழுபதுக்குள்ளேயே ஓட்டுபவர் வருடக்கணக்கில் இதை அறியாமல் இருந்துவிட்டு, தெற்கு அதிவேகப் பாதையில் ஏறிய முதல் நாளில் திடுக்கிடுவார்.

அளவு எடுப்பது

வளையத்தில் இரண்டு இலக்கங்கள் பொறித்திருக்கும். பெரியது வீலின் துளை, சிறியது காரின் ஹப். காரின் பக்கம் நம் வீதிகளில் அதிகம் காணும் அளவுகள் இவை: விட்ஸ், அக்குவா, பழைய பிரியஸ் ஆகியவற்றுக்கு 54.1. சுசுகி அல்ரோவும் வகன் ஆரும் அதே அளவுதான். ஹொண்டா ஃபிட் 56.1, வெசல் 64.1. நிசான் மார்ச் 60.1, லீஃப் 66.1. ஐந்து துளை 114.3 வட்டத்தில் வரும் டொயோட்டாக்கள் 60.1. வீலின் பக்கம் 73.1 அதிகம், 67.1 அடுத்தது, 72.6உம் 74.1உம் இடைக்கிடை. 72.6க்கும் 73.1க்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. அரை மில்லிமீட்டர் தொளதொளக்கும் வளையத்தைப் போடுவதும் போடாமல் விடுவதும் ஒன்றுதான். வேனியர் கலிப்பர் ஒன்றை இரவல் வாங்கியாவது அளந்துவிட்டே கடைக்குப் போங்கள். துளையை இரண்டு குறுக்காக அளக்க வேண்டும். வாயில் சாய்வாகச் சீவிய இடத்தை விட்டு உள்ளே நேராக நிற்கும் சுவரைத்தான் அளக்க வேண்டும். ஹப் விளிம்பையும் துருவைச் சுரண்டிய பிறகு, அடிப்பக்கத்தில் அளக்க வேண்டும். அதன் நுனி கொஞ்சம் கூம்பியிருக்கும்.

இங்கே அதிகம் நடக்கும் ஒரு மாற்றம், ஃபிட்டிலிருந்து கழற்றிய ஹொண்டாவின் அசல் அலோயை விட்ஸுக்குப் பூட்டுவது. நான்கு துளை 100 வட்டம் இரண்டுக்கும் பொது. ஸ்டட்டின் மரையும் பொது, 12க்கு 1.5. நடுத்துளை 56.1, ஹப் 54.1. ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள வளையம் வேண்டும். பொறி இருப்பது அங்கே இல்லை, நட்டில். ஹொண்டாவின் அசல் வீலில் நட் உட்காரும் குழி உருண்டை, பந்தின் கீழ்ப்பாகம் பதிந்ததுபோல. டொயோட்டாவின் இரும்பு ரிம்மில் வரும் நட் 60 பாகைக் கூம்பு. உருண்டைக் குழியில் கூம்பு நட் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொடும். இறுகியதுபோல் காட்டி ஓட ஓடத் தளரும். இந்த மாற்றத்துக்கு ஹொண்டா நட்டையே கூடவே கேட்டு வாங்க வேண்டும். அதே வீலை வகன் ஆருக்குப் பூட்ட நினைப்பவருக்கு அந்த வழியும் இல்லை, சுசுகியின் மரை 1.25. ஹொண்டா நட்டை அதில் ஏற்றினால் இரண்டு சுற்று போய் நிற்கும். நெம்பினால் ஸ்டட் போய்விடும்.

எதிர்ப்பக்கமாக, டொயோட்டாவின் 54.1 வீல் ஃபிட்டின் 56.1 ஹப்பில் ஏறவே ஏறாது. துளையைக் கடைந்து பெருப்பித்துத் தருகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். மையம் தவறாமல் கடைய வேண்டும், வீலின் நடுப்பகுதி மெலிகிறது. ஃபிட்டுக்கு வீல் பஞ்சம் இல்லை, வேறு பாருங்கள்.

டொயோட்டாவின் பல அசல் அலோய்களில் தட்டை வாஷர் வைத்த நட் வரும். அதற்குக் கூம்பே இல்லை. மையப்படுத்துவது முழுக்க நடுத்துளையின் பொறுப்பு. அந்த நட்டை வெளிச்சந்தை வீலின் கூம்புக் குழியில் போட்டால் நடுக்கத்தோடு நிற்காது, வீல் கழன்று போகலாம். வீல் மாற்றும்போது நட்டையும் மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்குப் பாதிப் பேருக்கு ஆம் என்பதே விடை. நட் எத்தனை சுற்று ஏறுகிறது என்றும் எண்ணுங்கள். 1.5 மரையில் எட்டுச் சுற்றாவது முழுதாக ஏற வேண்டும்.

துளை வட்டம் பொருந்தாததை எந்த வளையமும் சரிசெய்யாது. 112 வட்டத்தில் துளையிட்ட ஜெர்மன் வீலை வெசலின் 114.3 ஸ்டட்டுகளில் பலவந்தமாக ஏற்றி, நடுவுக்கு ஒரு வளையமும் போட்டுவிட்டு எல்லாம் பொருத்தம் என்பது தன்னைத் தானே ஏமாற்றுவது. அந்த ஐரோப்பியக் கார்களில் பலவற்றுக்கு ஸ்டட்டே இல்லை, வீலுக்கு வெளியிலிருந்து போல்ட் ஏறும். வீலைத் தொங்கவிட அங்கே ஹப் விளிம்பைத் தவிர வேறொன்றும் கிடையாது. வளையம் அங்கே இன்னும் முக்கியம். ஜப்பான் கார்காரர் ஸ்டட்டில் தொங்கவிட்டுப் பழகியதால்தான் இதை அலட்சியம் செய்கிறார்.

பிளாஸ்டிக்கா, அலுமினியமா

கடைக்காரர் நீலம், சிவப்பு என்று சாயமேற்றிய அலுமினிய வளையத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். பூட்டிய பிறகு அந்த நிறத்தை ஒருவரும் பார்க்கப்போவதில்லை. மலைநாட்டில் அலுமினியத்துக்கு நியாயம் உண்டு, அது சூட்டுக்கு இளகாது. வாவிக்கரையில் அதே அலுமினியம் தலைவலி. ஒரு பக்கம் வாவி, அதற்கப்பால் கடல், காற்றிலேயே உப்பு. இரும்பு ஹப்பும் அலுமினிய வளையமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் சிறு மின்கலம் உண்டாகி அலுமினியம் அரிக்கும். அரித்த வெள்ளைத் தூள் ஊதிப் பருத்து வளையத்தை ஹப்போடும் வீலோடும் இறுக்கிவிடும். இரண்டு மாரி கழித்துக் கழற்றப் போனால் நான்கு நட்டும் கையில் இருக்கும், வீல் அசையாது.

தன்னாமுனைக்காரருக்கு என் சிபாரிசு பொலிகார்பனேட் பிளாஸ்டிக். அது மின்னைக் கடத்தாது, அரிப்பு தொடங்காது. 150 பாகைச் சூட்டை அண்டும்போதுதான் இளகும். நம் சமதரையில் முன் பிரேக்கிலிருந்து ஹப்புக்கு அந்தச் சூடு வர வழியில்லை. மலிவான ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் 100 பாகையைச் சுற்றியே இளகிவிடும், அதைத் தவிருங்கள். கண்டியிலிருந்து மகியங்கனைக்கு 18 வளைவு என்று பெயர்பெற்ற வீதியில் இறங்கி ஊர் திரும்புவோர் அடிக்கடி குடும்பமும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு பிரேக்கிலேயே இறங்கினால் கதை மாறும். கியரைக் குறைத்து இறங்கப் பழகுங்கள், அல்லது முன்னிரண்டு வீலுக்கு மட்டும் அலுமினியம் போட்டு வருடம் ஒரு தடவை கழற்றித் துடைக்கச் சம்மதியுங்கள். பிளாஸ்டிக் வளையம் இளகினாலும் வீல் கழன்றுவிடாது. நட் இறுகியிருக்கும்வரை மையமும் மாறாது. அடுத்த தடவை கழற்றும்போதுதான் வளையம் நசுங்கியிருப்பது தெரியும், புதிது வாங்கினால் போதும்.

அளவு கிடைக்காதபோது லேத் வேலை செய்பவரிடம் கடைந்து எடுக்கலாம். அவர் கையில் இருப்பது நைலோன் கட்டையாக இருந்தால் யோசியுங்கள், நைலோன் தண்ணீர் குடித்துப் பருக்கும். வெள்ளத்துக்குள் ஓடும் ஊரில் உள்வட்டம் ஹப்பைப் பிடித்துக்கொள்ளும். டெல்ரின் கட்டை கிடைத்தால் அது தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு. வெளிவட்டம் வீலின் துளைக்குள் கைப்பெருவிரலால் அழுத்தி இறுக்கமாகப் போக வேண்டும், உள்வட்டம் ஹப்பில் அடிக்காமல் வழுக்கி ஏற வேண்டும், உள்வட்டத்தின் வாயை ஒரு மில்லிமீட்டர் சாய்வாகச் சீவ வேண்டும் என்று சொல்லுங்கள். வீலையும் கூடவே கொண்டுபோய்க் கொடுத்தால் பேச்சு மிச்சம்.

பூட்டுவது

நம் வளவுகளில் மணல். ஜக்கை நேரே மணலில் வைத்தால் கார் ஏறாமல் ஜக் இறங்கும். தடித்த பலகைத் துண்டொன்றை முதலில் போடுங்கள். ஹாண்ட் பிரேக், எதிர்ப்பக்க வீலுக்குக் கல், நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே கால் சுற்றுத் தளர்த்துவது, இவையெல்லாம் முன் அத்தியாயத்தில் சொன்னபடி.

பழைய வீல் கழன்றதும் ஹப்பின் முகத்தையும் விளிம்பையும் கம்பித் தூரிகையால் வெள்ளையாகும்வரை தேயுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்வேன் என்பவர் இதைச் செய்யட்டும். ஹப் முகத்தில் துருத் துணுக்கொன்று வீலுக்கு அடியில் சிக்கினால் வீல் சாய்ந்து உட்காரும். அது வளையம் இல்லாததைவிட மோசமான நடுக்கம், வளையம் போட்டும் போகாத நடுக்கம். வீலின் பின்முகத்திலும் பழைய சாயக் கட்டி, ஒட்டிய ஈயத்தின் பசை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வளையத்தை ஹப்பில் மாட்டாதீர்கள், வீலில் மாட்டுங்கள். பின்பக்கத்திலிருந்து, சாய்வாகச் சீவிய வாய் ஹப்பைப் பார்த்தபடி, இரண்டு பெருவிரலாலும் சமமாக அழுத்துங்கள். சுத்தியல் வேண்டாம். உள்ளே போய் உட்கார்ந்ததும் வீலின் பின்முகத்தில் ஒரு நேர் கம்பியை வைத்துப் பாருங்கள். வளையம் முகத்தோடு சமமாக, அல்லது ஒரு மயிரிழை உள்ளே இருக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் நட்டின் 17 தொன்னும் அந்த வளையத்தை நசுக்கப் போகும், வீல் ஹப்பின் முகத்தைத் தொடாது. நான் மேலே சொன்ன உராய்வுப் பிடி இல்லாமல் போகும், நட் தளரும். துருத்தும் வளையம் தவறான வளையம். அரத்தால் தேய்த்தோ அமத்தியோ சரிக்கட்டப் பார்க்க வேண்டாம்.

ஹப் விளிம்பில் விரலால் கிறீஸ் மிக மெல்லிதாகப் பூசுங்கள். விளிம்பில் மட்டும். வீல் அழுந்தும் முகத்திலும் ஸ்டட் மரையிலும் படக்கூடாது. மரை வழுக்கினால் ஸ்பனர் காட்டும் அதே அளவில் ஸ்டட் இன்னும் அதிகமாக இழுபடும்.

வீலைத் தூக்கி ஸ்டட்டில் கொழுவி, வளையம் விளிம்பில் ஏறும்வரை தள்ளுங்கள். சரியாக ஏறியிருந்தால் கையை எடுத்தாலும் வீல் தொங்காமல் நிற்கும். நட்டுகளைக் கையால் முழுதும் ஓட்டுங்கள், பிறகு சிறு ஸ்பனரால் எதிரெதிராக மூன்று நடையில் ஏற்றுங்கள். ஐந்து நட் என்றால் நட்சத்திரம் கீறும் ஒழுங்கு. அதன்பின்தான் ஜக்கை இறக்க வேண்டும். கடைசி இறுக்கம் டோர்க் ரென்ச்சால். டொயோட்டா சிறு கார்களுக்கு 103 நியூட்டன் மீட்டர், ஹொண்டா ஃபிட்டுக்கு 108. பழைய ரென்ச்சுகள் இறாத்தல் அடியில் வரும், அவற்றில் முறையே 76, 80. சுசுகி சிறு கார்களுக்கு இன்னும் குறைவு, உங்கள் காரின் கையேட்டில் உள்ளதே கடைசி வார்த்தை. ரயர் கடையில் பூட்டுகிறீர்களா? கன்னை மெல்லிதாக விட்டு நிறுத்தச் சொல்லுங்கள், கடைசிக் கால் சுற்றை நீங்கள் இறுக்குங்கள். “தம்பி, இதை நான் பாக்குறன்” என்றால் யாரும் கோபிப்பதில்லை.

புது வீல் பூட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டை ஒருமுறை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். அலுமினியக் குழியில் நட் கொஞ்சம் அமிழும். பொலன்னறுவைக்குப் போகிற தேவை இருந்தால் அங்கே போய்ச் சேர்ந்ததும், வீல் ஆறிய பிறகு பாருங்கள்.

ஸ்பெயார் வீல்

இரவில் ரயர் போய் ஸ்பெயாரைப் பூட்டப் போகும்போதுதான் ஹப் ரிங் பலருக்கு முதன்முதலாக அறிமுகமாகிறது. டிக்கியில் கிடப்பது கார்க் கம்பனியின் இரும்பு வீல், துளை 54.1. ஹப்பில் 73.1 வளையம் ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த வீல் ஏறாது. இருட்டில், மழையில், வளையம் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர் நட்டை ஏற்றி இழுத்து வீலை உட்கார்த்தப் பார்ப்பார். உடைவது வளையமோ ஸ்டட்டோ தெரியாது. வளையத்தை வீலில் மாட்டச் சொன்னதற்கு இதுதான் காரணம். கழற்றும்போது அது வீலோடு வந்துவிட வேண்டும். வீல் பக்கம் இறுக்கம் குறைவாக இருந்தால் வெளிவட்டத்தில் சிலிக்கன் பசை ஒரு பொட்டு வைக்கலாம். டிக்கியில் தட்டையான ஸ்குரூ டிரைவர் ஒன்றும், ஸ்பெயாருக்குரிய அசல் நட் நான்கும் இருக்கட்டும். ஹொண்டாக்காரருக்கு அந்த நான்கு நட் கட்டாயம், வெளி வீலின் கூம்பு நட் அவருடைய அசல் ஸ்பெயாருக்கு ஆகாது. வீட்டில் வேறு யாரும் காரை எடுப்பார்கள் என்றால் இதைச் சொல்லி வையுங்கள்.

நடுக்கம் போகாவிட்டால்

ஸ்ரியரிங்கில் தெரிந்தால் முன் வீல், ஆசனத்தில் தெரிந்தால் பின் வீல் என்று தொடங்கலாம். பிரேக் அழுத்தும்போது மட்டும் வந்தால் டிஸ்க், வளையத்துக்குச் சம்பந்தமில்லை. முப்பது நாற்பதிலேயே ஆடினால் ரயர் வீங்கியிருக்கும் அல்லது ரிம் வளைந்திருக்கும். எழுபதில் தொடங்கி வேகத்தோடு ஏறுவதுதான் நம் நோய்.

அதைப் பிடிக்கச் செலவில்லாத ஒரு வழி உண்டு. முன் வீலைத் தூக்கி, நட்டைத் தளர்த்தி, வீலைக் கால் சுற்றுத் திருப்பி மேலே சொன்ன ஒழுங்கில் மறுபடி இறுக்கி, அதே வீதியில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். நடுக்கம் கூடினாலும் குறைந்தாலும், மாறியிருந்தால் பிழை மையத்தில். அச்சொட்டாக அப்படியே இருந்தால் ரயரையும் பலன்ஸையும் பாருங்கள். இன்னும் உறுதி வேண்டுமானால் தூக்கிய வீலுக்குப் பக்கத்தில் இரண்டு செங்கல்லை அடுக்கி, மேலே ஒரு ஆணியை ரிம்மின் ஓரத்தைத் தொடாமல் தொடும் தூரத்தில் வைத்து, வீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஆணிக்கும் ரிம்முக்கும் இடையிலுள்ள வெளிச்சம் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கினால் கண்ணே சாட்சி. ரயரில் ஆணியைப் பிடிக்காதீர்கள், ரயரின் சொந்தக் கோணல் குழப்பும்.

மெஷினில் பலன்ஸ் செய்யும்போது வளையத்தைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். கூம்பு வீலின் துளையையே நேரே பிடிக்கட்டும், பிளாஸ்டிக்கில் கூம்பு ஏறினால் வளையத்தின் வாய் நசியும்.

நடுவில் ஸ்பேசர் போட்டு வீலை வெளியே தள்ளியிருப்பவர்களுக்கு இந்த அத்தியாயம் முழுவதும் பயன்படாது. சாதாரணத் தட்டு ஸ்பேசர் ஹப் விளிம்பை மூடிவிடும், வளையம் பிடிக்க இடமே இருக்காது. தன் முகத்திலேயே விளிம்பு வைத்துக் கடைந்த ஸ்பேசர் உண்டு, அதன் வெளி விளிம்பின் அளவுக்கு வளையம் எடுக்க வேண்டும். வீல் கவசத்துக்கு வெளியே நிற்பது அழகு என்று நினைப்பவரோடு நான் வாதாடுவதில்லை.

உப்பும் மாரியும்

கார்த்திகை மார்கழியில் வாவி ஏறி வீதியைத் தொடும் நாட்களில் தண்ணீருக்குள் ஓட்டியிருந்தால், அது உவர்நீர் என்பதை மறக்க வேண்டாம். வீலை நல்ல தண்ணீரால் பின்பக்கமும் கழுவுங்கள். கரையோரக் கிணறுகளில் உவர்க்கிணறு பல, அந்தத் தண்ணீரால் கழுவுவது வீண். தை கழிந்து மழை விட்டதும் நான்கு வீலையும் ஒருமுறை கழற்றி, வளையத்தை எடுத்துத் துடைத்து, ஹப்பைத் தேய்த்து, புதுக் கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். பிளாஸ்டிக்கில் வெடிப்பு, நசிவு, உள்வட்டத்தில் ஒரு பக்கத் தேய்வு தெரிந்தால் நான்கையும் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றுவது அடுத்த வருடத்துக்கு வேலை வைப்பது.

இறுகிப்போன வீலுக்குச் சுத்தியலோடு ரிம்மைத் தாக்காதீர்கள். நட்டுகளை முழுதும் கழற்றாமல் இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி, ஜக்கை இறக்கி, வளவுக்குள்ளேயே காரை முன்னும் பின்னும் ஒரு முழம் அசையுங்கள். காரின் பாரமே அரிப்பைப் பிளந்துவிடும். அப்படியும் அசையாவிட்டால் துரு நீக்கும் எண்ணெயை நடுத்துளை வழியாக விட்டு ஒரு இரவு வையுங்கள். பிரேக் தட்டில் எண்ணெய் பட்டால் பிரேக் கிளீனரால் கழுவிய பிறகே ஓட்ட வேண்டும். வீல் வந்த பிறகு ஹப்பில் ஒட்டியிருக்கும் அலுமினிய வளையத்தை உளியால் ஒரு இடத்தில் வெட்டிப் பிரித்தால் கழன்றுவிடும். அதைக் காப்பாற்றப் பாடுபட வேண்டாம், விளிம்பில் கீறல் விழாமல் பார்த்தால் போதும்.

காரை விற்கும்போது அசல் வீலை மாட்டிக் கொடுத்துவிட்டு அலோயைத் தனியாக விற்பது நம்மூர் வழக்கம். அப்போது நான்கு வளையத்தையும் வீலிலேயே விட்டு, உள் அளவை வீலின் பின்முகத்தில் மார்க்கரால் எழுதி, கூம்பு நட்டுகளை ஒரு பையில் கட்டிக் கூடவே கொடுங்கள்.